லாவோஸ் மக்களைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

லாவோஸில் இருப்பவர்கள் எல்லோரும் லாவோ இனத்தவர் என்று எழுதிவிடுவதுதான் முதல் சறுக்கல், மற்றவை பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. 2015 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லாவோ இனத்தவர் 53 சதவீதம்தான். அடுத்து க்மு 11, ஹ்மோங் 9. அரசு அங்கீகரித்த இனங்கள் மட்டுமே 50. இன்னொரு பக்கம் பார்த்தால், லாவோ வம்சாவளியினர் லாவோஸைவிட மேகோங் ஆற்றுக்கு அந்தப் பக்கம், தாய்லாந்தின் ஈசான் பகுதியில்தான் பல மடங்கு அதிகம். ஆக நாடு வேறு, இனம் வேறு.

அடுத்தது, வாழும் உயரத்தை வைத்து மக்களை மூன்றாகப் பிரிக்கும் அந்த மூன்று அடுக்குக் கதை. சமவெளியில் லாவ் லும், மலைச்சரிவில் லாவ் தெங், மலையுச்சியில் லாவ் சூங். பழைய 1000 கிப் (லாவோஸ் நாணயம்) நோட்டில்கூட மூன்று பெண்கள் மூன்று உடையில் நிற்பார்கள், பார்க்க அழகுதான். ஆனால் உயரத்தை வைத்து மனிதர்களைப் பிரித்தால் என்ன ஆகும்? 'ஆக்கா' என்ற இனத்தவரும் ஹ்மோங்கும் ஒரே பெட்டிக்குள் விழுந்துவிடுவார்கள், இரண்டு மொழிகளும் வெவ்வேறு குடும்பம் என்றாலும். மலையிலிருந்து இறங்கி சமவெளியில் குடியேறிய ஹ்மோங் குடும்பத்தை என்னவென்று சொல்வது? அதனால் இப்போதைய அதிகாரப்பூர்வப் பிரிப்பு மொழிக்குடும்பத்தை வைத்துத்தான்: லாவோ-தாய், மோன்-க்மேர், ஹ்மோங்-இயு மியன், சீன-திபெத்திய என்று நான்கு. இதில் க்மு மொழி, நம் மேகாலயாவின் காசி மொழிக்குத் தூரத்துச் சொந்தம், இரண்டுமே ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். பழைய பயண நூல்களில் வரும் 'கா' என்ற சொல்லுக்கு அடிமை என்று பொருள், க்மு போன்றவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். ஹ்மோங் மக்களுக்கு 'மியோ'வும் வசைதான். பழைய நூலில் இருக்கிறதே என்று அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

அப்புறம் எல்லோரும் பௌத்தர்கள், எல்லோருக்கும் தூண்வீடு, எல்லோருக்கும் ஒட்டரிசிச் சோறு என்ற பொதுப்படம். ஒட்டரிசியை ஊறவைத்து, மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்து, கையால் உருட்டி ஏதாவது காரச் சட்னியில் தொட்டுத் தின்பது லாவோ வீட்டுப் பழக்கம், க்மு மக்களுக்கும் அது உண்டு. ஹ்மோங் வீட்டில் பெரும்பாலும் ஒட்டாத அரிசி, வீடும் தூண்மேல் இல்லாமல் தரையோடு தரையாக மண்தளத்தில் நிற்கும். 'தாய் தாம்' என்ற இனத்து மக்கள் லாவோவுக்கு மொழியில் நெருங்கிய உறவு, ஆனாலும் பெரும்பாலும் புத்தரை அல்ல, ஆவிகளையும் முன்னோரையும்தான் வணங்குகிறார்கள்.

மலையில் எரித்து விதைக்கும் விவசாயத்தைக் காடழிப்பு என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. வெட்டிய செடிகொடிகளைக் காயவிட்டு, மழைக்கு முன் எரித்து, கூரான கோலால் குழி போட்டு நெல் விதைக்கிறார்கள். அறுவடைக்குப் பின் நிலத்தைப் பல வருடம் சும்மா விடுவார்கள், காடு திரும்ப வளரும். சிக்கல் வந்தது அந்த ஓய்வுக்காலம் சுருங்கியபோதுதான்.

கடைசியாக, புத்தாண்டு. லாவோ புத்தாண்டான பீ மாய் நம் சித்திரையை ஒட்டி ஏப்ரல் நடுவில் வரும், தெருவெல்லாம் தண்ணீர் விளையாட்டு. அதே கொண்டாட்டத்தைத் தேடி ஹ்மோங் ஊருக்குப் போனால் ஏமாற்றம்தான். அவர்கள் புத்தாண்டு அறுவடை முடிந்து, நவம்பர் டிசம்பர் வாக்கில். இளவட்டங்கள் எதிரெதிர் வரிசையில் நின்று பந்தை மாற்றி மாற்றி எறிவார்கள், பிடித்துப்போனவரைப் பார்த்துத்தான்.