தெரபிஸ்ட் தேடும்போது திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

தனக்கு ஆட்டிசமோ, கவனம் ஓரிடத்தில் நிலைக்காமல் அலையும் ஏடிஎச்டியோ இருப்பது முப்பது, நாற்பது வயதில்தான் சிலருக்குத் தெரியவருகிறது. பழைய மனக்காயங்களும் கூடவே இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மனநலத் தெரபிஸ்டைத் தேடும் இவர்கள் பெரும்பாலும் ஒரே குழியில் விழுகிறார்கள். நாங்களும் விழுந்து எழுந்த குழிதான். கல்வித் தகுதியைப் பாருங்கள், கட்டணத்தை முன்பே கேளுங்கள் என்பதை யாரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுவோம்.

அறிமுகப் பக்கத்தை நம்புவது

தெரபிஸ்ட்களைப் பட்டியலிடும் தளங்களில், தங்களுக்கு எதில் அனுபவம் என்பதைப் பெரும்பாலும் அவர்களே டிக் அடித்துக்கொள்கிறார்கள். இருபது பிரச்சினைகளுக்கு டிக் இருந்தால் இருபதிலும் கைதேர்ந்தவர் என்று அர்த்தமில்லை. அதிலும் ‘ஆட்டிசம்’ என்ற டிக்குக்குப் பின்னால் பல நேரம் இருப்பது சிறு குழந்தைகளோடு வேலை பார்த்த அனுபவம். ஐந்து வயதுக் குழந்தையும் தன் இயல்பை மறைத்து இருபது வருடமாக எல்லோரையும் போல நடித்து வேலைக்குப் போய்வருபவரும் ஒன்றல்ல.

“உங்களுக்கு இதில் அனுபவம் உண்டா?” என்று கேட்பது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். இந்தக் கேள்விக்கு “உண்டு” என்பதைத் தவிர வேறு பதில் வரவே வராது. அந்த ஒரு சொல்லை நம்பி உட்காருபவர் இழப்பது ஒரு கட்டணத்தை அல்ல, பல மாதங்களை.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒருவருக்குப் பெரிய கடைகளுக்குள் போனால் தலை கிறுகிறுக்கும், பேச்சு வராது, ஓடிவிடத் தோன்றும். கடந்த காலத்தில் வன்முறையை அனுபவித்தவர் என்பதால் தெரபிஸ்ட் அதை அதிர்ச்சியின் எச்சமாக, பயமாகப் பார்க்கிறார். பயத்துக்கு உரிய சிகிச்சை தொடங்குகிறது: முதல் வாரம் ஐந்து நிமிடம் கடைக்குள் நில்லுங்கள், அடுத்த வாரம் பத்து, பிறகு இருபது. காதடைப்பானையும் கழற்றச் சொல்கிறார். அதைப் போட்டுக்கொண்டால் பயத்திலிருந்து தப்பிக்கிறீர்கள் என்பது அவர் கணக்கு.

பயத்துக்கு அந்தக் கணக்கு சரி. அஞ்சியது நடக்காமல் போவதை மூளை நேரில் பார்த்துப் பார்த்து, ஆபத்து இல்லை என்று கற்றுக்கொள்கிறது. ஆனால் மின்னும் குழல்விளக்கும், ஒரே நேரத்தில் பத்து திசைகளிலிருந்து வரும் சத்தமும் நடக்கப்போகும் ஆபத்துகள் அல்ல. அந்த வலி அங்கேயே, அப்போதே நடந்துகொண்டிருக்கிறது. இருபது நிமிடம் நின்றால் கிடைப்பது இருபது நிமிட வலிதான். அவர் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டார். சாப்பாடு தவறும், குளிப்பது தவறும். மறுவாரம் இதைச் சொன்னால் ‘தவிர்த்தல்’ என்று குறித்துக்கொண்டு நேரத்தைக் கூட்டுவார்கள். கடைசியில் அவருக்கு மிஞ்சுவது “தெரபிகூட எனக்கு ஒத்துவரவில்லை” என்ற எண்ணம். ஒத்துவராமல் போனது ஆள் அல்ல, கணிப்பு.

பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கடினமும் இல்லை. காதடைப்பானும் கறுப்புக் கண்ணாடியும் போட்டதும் பாதித் தொல்லை அடங்கினால் அங்கே புலன் சுமைக்கு, அதாவது சத்தமும் வெளிச்சமும் தாங்கும் அளவை மீறுவதற்கு, பெரிய பங்கு இருக்கிறது. அமைதியான அறையிலும் ஒரு குறிப்பிட்ட வாசனையோ குரலோ நெஞ்சைப் படபடக்க வைத்தால் பழைய நினைவைத் தேட வேண்டும். பலருக்கு இரண்டும் பின்னிக்கிடக்கும். விஷயம் தெரிந்த தெரபிஸ்ட் சுமையை முதலில் குறைப்பார், மிச்சத்தை அப்புறம் தொடுவார்.

ஆகவே அனுபவத்தைக் கேட்காதீர்கள், ஒரு சூழலைக் கொடுத்துக் கேளுங்கள். பத்துப் பதினைந்து நிமிட அறிமுகப் பேச்சுக்குள் மூன்று கேள்விகள் தாராளமாக அடங்கும்:

“கடையின் இரைச்சல் தாங்கவில்லை என்று ஒருவர் சொன்னால் முதலில் என்ன செய்வீர்கள்?” எப்போது, எங்கே, எதைக் குறைத்தால் சரியாகிறது என்று திருப்பிக் கேட்பவர் தேறுவார். “மெல்ல மெல்லப் பழக்கலாம்” என்று உடனே சொல்பவரிடம் நன்றி சொல்லி விடைபெறலாம்.

“பேசும்போது நான் கண்ணைப் பார்க்க மாட்டேன், கையில் எதையாவது உருட்டிக்கொண்டே இருப்பேன். அதை எப்படி எடுத்துக்கொள்வீர்கள்?” அதைப் பதற்றம் என்றோ மாற்ற வேண்டிய பழக்கம் என்றோ சொன்னால் வேண்டாம்.

“ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒருவருக்கே இருக்குமா?” அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேடு 2013 வரை இரண்டையும் சேர்த்துக் கண்டறிய அனுமதிக்கவில்லை. இன்றும் “ஒன்று இருந்தால் மற்றது வராது” என்பவர் அதற்கு முன் படித்ததோடு நின்றுவிட்டார்.

தொலைபேசி ஒத்துவராதவர்கள் இதையே மின்னஞ்சலில் கேட்கலாம். எழுத்தில் கேட்டதற்கு முகம் சுளிப்பவர் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டுவது

பல வருடம் யாரும் கேட்காததைக் கேட்க ஒருவர் கிடைத்ததும் ஐம்பது நிமிடத்தில் அத்தனையும் வெளியே வந்துவிடும். அன்றிரவு தூக்கம் போகும், அடுத்த வாரம் அங்கே போகவே உடல் மறுக்கும். மனக்காய நினைவுகளைக் கண்ணசைவின் துணையோடு ஆற்றும் ஈஎம்டிஆர் என்ற முறையில் மொத்தம் எட்டுக் கட்டங்கள். முதலாவது வரலாறு கேட்பது, இரண்டாவது தயார்படுத்துவது. நினைவைத் தொடுவது அதற்குப் பிறகுதான். முதல் நாளுக்குத் தலைப்புகள் போதும்: “பள்ளியில் ஒன்று நடந்தது, வீட்டில் ஒன்று நடந்தது, விவரம் பிறகு.” விவரம் சொன்னால்தான் ஆச்சு என்று அழுத்துபவர் அவசரப்படுகிறார். இந்த முறையைச் சொல்பவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: விரலைக் கண்ணால் பின்தொடர்வது உறுத்தினால் கையில் மாறி மாறித் தட்டியோ அதிர்வுக் கருவியாலோ செய்வாரா?

அறிக்கை வரும்வரை காத்திருப்பது

காத்திருக்காதீர்கள். தெரபி தொடங்க நோயறிதல் சான்று பொதுவாகத் தேவையில்லை.

நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பது

“இந்த வாரம் எப்படி?” “பரவாயில்லை.” வாழ்நாளெல்லாம் ஊருக்காகச் சமாளித்துப் பழகியவர் தெரபி அறையிலும் சமாளிப்பார். தலையாட்டுவார், சரியான இடத்தில் சிரிப்பார். முன்னேற்றம் என்று குறிப்பேட்டில் ஏறிவிடும்.

ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தங்கள் உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது கடினம். “அதை உடம்பில் எங்கே உணர்கிறீர்கள்?” என்று கேட்டால் அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. அந்த மௌனத்தை ஒத்துழையாமை என்று எடுத்துக்கொள்ளும் தெரபிஸ்ட்களும் உண்டு. முன்பே சொல்லிவிடுங்கள்: “உணர்ச்சியைக் கேட்காமல், என்ன செய்தேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன், எதைத் தள்ளிப்போட்டேன் என்று கேளுங்கள்.” முந்தைய நாளே ஐந்து வரி எழுதி அனுப்பிவிட்டுப் போவது இன்னும் நல்லது. அறைக்குள் நுழைந்ததும் மறந்துபோகும் ஏடிஎச்டி மூளைக்கும் அது உதவும்.

அறையைக் கவனிக்காமல் விடுவது

விளக்கு, வாசனைத் திரவியம், டிக் டிக் கடிகாரம். மாற்றச் சொல்லுங்கள்.

சொல்லாமல் நின்றுவிடுவது, அல்லது நிற்கவே முடியாமல் தொடர்வது

மூன்று நான்கு அமர்வுகள் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு எழுந்து நடமாட எத்தனை மணி நேரம் ஆனது என்று நாட்காட்டியில் குறியுங்கள். அந்த எண் கூடிக்கொண்டே போனால் அதைக் காட்டி வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கேட்டும் குறைக்கவில்லை என்றால் விலகுவதற்கு நேரில் விவாதம் வேண்டாம், இரண்டு வரி போதும்: “இந்த அமர்வுகளைத் தொடர வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை நேரத்தை ரத்து செய்துவிடுங்கள்.” காரணம் கேட்டுப் பதில் வந்தாலும் எழுதியே ஆகவேண்டும் என்றில்லை.