கிணற்றடி லைற்றுக்கு இரண்டு சுவிச்: தவிர்க்க வேண்டிய பிழைகள்

வன்னியில் வளவு பெரிது. வீடு முன்னுக்கு நிற்கும், கிணறும் மலசலகூடமும் கோடிப்பக்கம் இருபது, இருபத்தைந்து மீற்றர் தள்ளிக் கிடக்கும். மாரி தொடங்கினால் புடையனும் விரியனும் எங்கே சுருண்டு கிடக்கும் என்று சொல்ல ஏலாது. அதனால் "குசினிக்குள்ள நிண்டு கிணத்தடி லைற்றைப் போடவேணும், அங்க போய் நிப்பாட்டவும் வேணும் தம்பி" என்று கேட்காத வீடு குறைவு. என்னோடு வேலை பழகும் பெடியன்கள் இந்த வேலையில்தான் நான் முன்பு விட்ட பிழைகளை அப்படியே திரும்ப விடுகிறார்கள். மெயினை நிற்பாட்டிவிட்டுக் கை வை, ஆணியை இறுக்கு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதை விடுவம்.

வன் வே சுவிச்சை வாங்கி வருவது

ஒரு லைற்றை இரண்டு இடத்திலிருந்து போட, நிற்பாட்ட இரண்டு டூ வே சுவிச் வேண்டும், வன் வே சரிவராது. முன்பக்கம் இரண்டும் ஒரே மாதிரி. திருப்பிப் பாருங்கள்: வன் வேயில் இரண்டு முனை, டூ வேயில் மூன்று.

கொமனைத் தவறவிடுவது

டூ வேயின் மூன்று முனையில் ஒன்று கொமன், சுவிச்சைத் தட்டத் தட்ட மற்ற இரண்டில் ஒன்றோடு மாறி மாறித் தொடுக்கும் முனை. மற்ற இரண்டும் எல் 1, எல் 2. வீட்டுப்பக்கச் சுவிச்சின் கொமனுக்கு லைவ் (கரண்ட் வரும் வயர்) வரவேண்டும், கிணற்றடிச் சுவிச்சின் கொமனிலிருந்து லைற்றுக்குப் போகவேண்டும். நடுவில் எல் 1க்கும் எல் 2க்கும் இரண்டு வயர் ஓடும். ஒரு சுவிச்சைக் குறிப்பிட்ட பக்கம் வைத்தால்தான் மற்றது வேலை செய்கிறதா? கொமன் மாறியிருக்கிறது. வேறெங்கும் தேடி மினக்கெட வேண்டாம்.

வயரை மிச்சம் பிடிக்க நியூட்ரலையும் சுவிச்சுக்குள் கொண்டுவருவது

இதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

கிணற்றடியில் மோட்டருக்கென்று லைவும் நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) ஏற்கெனவே இருக்கும். வீட்டிலும் இரண்டும் இருக்கிறது. அப்போது ஒரு யோசனை வரும்: இரண்டு டூ வேயிலும் எல் 1க்கு லைவ், எல் 2க்கு நியூட்ரல் கொடுத்துவிட்டு, இரண்டு கொமனையும் லைற்றின் இரண்டு முனைக்கும் கொண்டுபோனால் சரிதானே? வீட்டிலிருந்து லைற்றுக்கு ஒரேயொரு வயர் போதும். முறையாகச் செய்தால் வீட்டிலிருந்து எல் 1, எல் 2, நியூட்ரல் என்று மூன்று வயர் போகவேண்டும். இருபத்தைந்து மீற்றருக்கு இரண்டு வயர் மிச்சம் என்றால் ஐம்பது மீற்றர், நூறு மீற்றர் ரோலில் பாதி. வீட்டுக்காரருக்கும் சந்தோசம். லைற் எரியும், இரண்டு பக்கமும் போடலாம், நிற்பாட்டலாம். ஒரு குறையும் தெரியாது.

குறை, லைற் நிற்கும்போது இருக்கிறது. ஒரு முனைக்கு லைவும் மற்றதுக்கு நியூட்ரலும் வந்தால் எரியும். இரண்டுக்கும் நியூட்ரல் வந்தால் நிற்கும். இரண்டுக்கும் லைவ் வந்தாலும் நிற்கும்! லைற் அணைந்திருக்கும், ஆனால் ஹோல்டரின் இரண்டு முனையிலும் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். எந்த நேரம் எந்த மாதிரி நிற்கிறது என்று சுவிச்சைப் பார்த்து ஒருவருக்கும் சொல்ல ஏலாது.

2013இல் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் நானே இப்படிச் செய்தேன். அடுத்த மாரியில் அந்த வீட்டு அம்மா, பல்ப் பழுதாகிவிட்டது என்று சுவிச்சை நிற்பாட்டிவிட்டு, ஈரக் காலோடு கிணற்றுக்கட்டில் ஏறிக் கழற்றியிருக்கிறார். கரண்ட் தூக்கி எறிந்துவிட்டது. ரிப் சுவிச் விழுந்தபடியால் உயிர் தப்பினார், தோள்மூட்டு விலகிப்போனது. அன்று பின்னேரம் நான் போய் டெஸ்டரை ஹோல்டரின் ஒரு முனையில் வைத்தேன், எரிந்தது. மற்ற முனையில் வைத்தேன், அதுவும் எரிந்தது. அந்தச் சின்னச் சிவப்பு வெளிச்சம் இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. அம்மா என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை, தேத்தண்ணி தந்தார்.

போன கிழமை தருமபுரம் பக்கம் ஒரு பெடியன் இதே வேலையைச் செய்துவிட்டு, "அண்ணை, வடிவா எரியுது" என்கிறான். எரிவது பெரிய காரியமில்லையடா தம்பி, நிற்பதுதான் பெரிய காரியம்.

இன்னும் இருக்கிறது. சுவிச்சுக்குள் லைவும் நியூட்ரலும் சில மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கின்றன. சுவிச் தேய்ந்து உள்ளே பொறி பறந்தால் நேரே ஷோர்ட். மூன்று ஃபேஸ் (மூன்று தனித்தனி லைவ்) எடுத்த வீட்டில் குசினி ஒரு ஃபேஸிலும் மோட்டர் இன்னொன்றிலும் இருந்தால், நிற்கவேண்டிய நேரத்தில் லைற்றுக்குக் குறுக்கே 400 வோல்ட் வரும்.

பழைய வீட்டில் சந்தேகமென்றால் பல்பைக் கழற்றாமல் முதலில் சுவிச் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். லைற்றுக்கான டூ வேயில் கறுப்போ நீலமோ நேரே நியூட்ரல் கட்டையிலிருந்து வந்து ஏறியிருந்தால், அதுதான். கழற்றிவிட்டு முறையாக இழுங்கள். குழாய்க்குள் இடமில்லையென்றால் ஒரு சுவிச்சோடு விடுங்கள், அல்லது ஆள் அசைவுக்கு எரியும் லைற்றைப் போடுங்கள். புது வேலையென்றால் கிடங்கு வெட்டும்போதே 25 மில்லிமீற்றர்க் குழாய் தாழுங்கள். மூன்று வயரும் எர்த்தும் தாராளமாகப் போகும்.

லைவ் ஒரு பிரேக்கரிலும் நியூட்ரல் இன்னொன்றிலும் எடுப்பது

வேண்டாம். கரண்ட் எங்கிருந்து போனதோ, அங்கேயேதான் திரும்பி வரவேண்டும்.

மூன்றாவது இடத்துக்கும் டூ வே போடுவது

விறாந்தையிலும் ஒன்று வேண்டும் என்று வீட்டுக்காரர் பூச்சு முடிந்த பிறகுதான் சொல்லுவார். அங்கே டூ வே சரிவராது, நான்கு முனையுள்ள இன்டர்மீடியட் சுவிச் வேண்டும். அது இரண்டு டூ வேக்கும் நடுவில், எல் 1, எல் 2 ஓடும் வயரில் இருக்கவேண்டும். நான்காவது, ஐந்தாவது இடம் என்றாலும் நடுவில் இன்டர்மீடியட்டைச் சேர்த்துக்கொண்டே போகலாம். சிறிய ஹார்ட்வெயார் கடைகளில் எப்போதும் இருக்காது, வவுனியாப் பக்கம் போகும்போது முன்கூட்டியே வாங்கி வையுங்கள். உள்ளே வருவதும் போவதும் எந்தச் சோடி என்பது கொம்பனிக்குக் கொம்பனி மாறும். சிலவற்றில் மேலும் கீழும், சிலவற்றில் குறுக்கே. மல்டிமீற்றரை வைத்துப் பார்க்காமல் பூட்ட வேண்டாம்.

நிற்பாட்டியும் மங்கலாக எரியும் எல்.ஈ.டி.

சுவிச் பழுதில்லை. நீள ஓடும் வயரில் பக்கத்து வயரிலிருந்து கொஞ்சம் கரண்ட் ஏறுகிறது. லைற்றுக்குக் குறுக்கே 275 வோல்ட், 0.1 மைக்ரோபரட், எக்ஸ் 2 வகைக் கப்பாசிற்றர் ஒன்று போடுங்கள். நின்றுவிடும்.