மொட்டமாடியில புதன் கிரகத்து ஒரு நாளை நடந்து பாக்குறது எப்படி

போன வாரம் தங்கச்சி மக சயின்ஸ் நோட்டைத் தூக்கிட்டு வந்தா, புதனுக்கு ஒரு நாள்ங்கிறது நம்ம கணக்குல 59 நாளுன்னு ஒரு எடத்துல இருக்கு இன்னொரு எடத்துல 176ன்னு இருக்கு, எது மாமா சரின்னு கேட்டா. ரெண்டுமே சரிதான். ஆனா அதை வாயால சொன்னா எந்தப் புள்ளைக்கும் வெளங்காது, நடக்க விட்டாத்தான் வெளங்கும். நாங்க செஞ்சதை எழுதுறேன், நீங்களும் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பெறகு மாடியில செஞ்சு பாருங்க, மூணு மணிக்கு ஏறிறாதீங்க, காலு பொசுங்கிரும்.

மொதல்ல வருஷத்தையும் நாளையும் தனித்தனியா பிரிச்சுருங்க. கிரகம் தன்னைத்தானே சுத்துறதை வச்சு வர்றது நாள், சூரியனை ஒரு தடவை சுத்தி வந்தா வருஷம். மொதல்ல வருஷம். வருஷத்துக்கு நம்ம மீனாட்சி கோயிலே போதும். உள்ள ஆடி வீதி, வெளிய வந்தா சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, அதுக்கும் வெளிய மாசி வீதி. நடுவுல சூரியன்னு வச்சுக்கங்க. மாசி வீதியில ஒரு சுத்து வர்றதுக்கு தூரம் ஜாஸ்தின்னு சின்னப்புள்ளையும் சொல்லும். ஆனா தூரம் மட்டும் காரணமில்ல, இதைத்தான் நிறைய பேர் விட்டுர்றாங்க, வெளிய இருக்குற கிரகம் மெதுவாவும் போகும், சூரியனோட இழுப்பு அங்க கம்மி. புதன் செகண்டுக்கு 47 கிலோமீட்டர் பறக்குது, பூமி 30, நெப்டியூன் 5 சொச்சம்தான். ஆடி வீதியில புள்ளைக ஓடுது, மாசி வீதியில தேர் அசைஞ்சு அசைஞ்சு வருது, அப்படி நெனச்சுக்கங்க.

அதனாலதான் புதனுக்கு வருஷம் 88 நாள், வெள்ளிக்கு 225, செவ்வாய்க்கு 687. வியாழனுக்கு நம்ம வருஷத்துல கிட்டத்தட்ட 12, சனிக்கு 29 அரை, யுரேனஸுக்கு 84, நெப்டியூனுக்கு 165. நெப்டியூனை 1846ல கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் அது ஒரு சுத்தை முடிச்சதே 2011லதான்! குருப்பெயர்ச்சி வருஷத்துக்கு ஒண்ணு, சனிப்பெயர்ச்சி ரெண்டரை வருஷத்துக்கு ஒண்ணு, ராசி 12, பெருக்கிப் பாருங்க, 12ம் 30ம் வந்துரும். இந்தக் கணக்கு எங்க அப்பத்தாவுக்கு பள்ளிக்கூடம் போகாமலே தெரியும்.

மனப்பாடம் பண்ணாம போட்டுப்பாக்கணும்னா 1619ல கெப்ளர்ங்கிற வானியல் அறிஞர் எழுதுன விதி இருக்கு. சூரியன்ல இருந்து பூமி இருக்குற தூரத்தை 1ன்னு வச்சா வியாழன் 5.2ல இருக்கு. 5.2 × 5.2 × 5.2 போட்டா 140.6, அதுக்கு வர்க்கமூலம் எடுத்தா 11.86, அதான் வியாழனோட வருஷம். சனிக்கு 9.54 போட்டுப் பாருங்க.

நாளுக்கு இப்படி ஒரு விதியும் கெடையாது. பெரிய உருவமா இருக்குற வியாழன் 10 மணி நேரத்துக்குள்ள தன்னைத்தானே சுத்திருது, செவ்வாய் நம்மளை மாதிரியே, நாள் ஒண்ணுக்கு 40 நிமிஷம்தான் கூட. வெள்ளி ஒரு சுத்து சுத்த 243 நாள் எடுக்குது, அதுவும் எதிர்ப்பக்கமா, அதனால அங்க சூரியன் மேற்க உதிக்கும்.

இப்ப புதன். மாடி நடுவுல ஒரு பிளாஸ்டிக் சேர் போடுங்க, அதான் சூரியன். ஒரு பக்கம் தண்ணி டேங்க், நேர் எதிர்ப்பக்கம் படிக்கட்டுக் கதவுன்னு வச்சுக்கங்க. சேரைச் சுத்தி வட்டம் போட்டு சம தூரத்துல மூணு சாக்பீஸ் புள்ளி வைங்க, மொதப் புள்ளி கதவுப்பக்கம் இருக்கணும், அங்க நின்னு டேங்கைப் பாத்தா மூஞ்சிக்கு நேரா சேர் தெரியும், அது உச்சி வெயில். இப்ப இடஞ்சுழியா நடக்கணும், ஒவ்வொரு புள்ளிக்கும் போய்ச் சேரும்போது ஒடம்பு இடப்பக்கமா அரைச்சுத்து திரும்பிருக்கணும். ரெண்டாவது புள்ளியில கதவைப் பாக்கணும், மூணாவதுல டேங்கை, திரும்ப மொதப் புள்ளிக்கு வந்தா கதவை. பாருங்க, டேங்கைப் பாத்து ஆரம்பிச்சு மூணாவது புள்ளியில மறுபடி டேங்கைப் பாத்தாச்சே, அதான் தன்னைத்தானே ஒரு முழுச்சுத்து, 88ல மூணுல ரெண்டு பங்கு, நோட்டுல இருந்த 59 நாள். ஆனா மொதப் புள்ளிக்கு வந்தப்ப சேர் முதுகுக்குப் பின்னாடி இருக்கு. வருஷம் முடிஞ்சுருச்சு, இங்க நடுராத்திரி! இன்னொரு வட்டம் முழுசா நடந்தாத்தான் சேர் மறுபடி மூஞ்சிக்கு நேரா வரும். ஒரு உச்சி வெயில்ல இருந்து அடுத்த உச்சி வெயில் வரைக்கும் ஒரு நாள்னு வச்சா, ரெண்டு வருஷத்துக்கு ஒரு நாள், 88ம் 88ம் 176. தங்கச்சி மக முதுகுப்பக்கம் கையை நீட்டி சேரைத் தொட்டுப் பாத்துட்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்னா, அப்ப தெரிஞ்சுருச்சு புடிச்சுட்டான்னு.

அடுத்து வயசுக் கணக்கு, இது புள்ளைகளுக்கு ரொம்பப் புடிக்கும். பொறந்ததுல இருந்து எத்தனை நாள்னு எண்ணி அந்தக் கிரகத்து வருஷத்தால வகுக்கணும். அவளுக்கு அன்னைக்கு சரியா 9 வயசு முடிஞ்சு 3287 நாள், செவ்வாய்ல 5 கூட ஆகல, வியாழன்ல இன்னும் மொதப் பொறந்தநாளே வரல, புதன்ல 37 முடிஞ்சுருச்சு. அப்பத்தாவுக்கு போன தையில 84, யுரேனஸ்ல இப்பத்தான் ஒரு வயசு. நாள் கணக்கு துல்லியமா வேணும்னா புதனுக்கு 88ன்னு போடாம 87.97ன்னு போடுங்க, இல்லாட்டி ஒரு நாள் தள்ளிப்போயிரும். 38ஆல பெருக்குனா 3343, அதாவது இன்னும் 56 நாள்ல அவளுக்கு அடுத்த பொறந்தநாள், காலண்டர்ல வட்டம் போட்டு வச்சுருக்கா.