குலுக்கைக்குள் ஒளிந்த பையன்

என் வாசிப்பு முழுக்கச் செங்கல்பட்டு மின்சார ரயிலில்தான். ஒருமுறை நூலகத்திலிருந்து கரிசல்காட்டு நாவல் ஒன்றை எடுத்து வந்தேன். ‘குலுக்கை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், எனக்கு முன்னால் படித்த புண்ணியவான் ஒருவர் பேனாவால் ‘உண்டியல்’ என்று எழுதிவைத்திருந்தார். குலுக்கினால் சத்தம் வருமே, சரிதான் என்று நானும் நம்பினேன். நாற்பது பக்கம் தள்ளி ஒரு பையன் குலுக்கைக்குள் இறங்கி ஒளிந்துகொள்கிறான். உண்டியலுக்குள் பையனா?

வட்டாரச் சொற்களைப் புரிந்துகொள்ள அதற்கப்புறம் நான் பழக்கிக்கொண்ட வழிதான் இது.

புரியாத சொல் வந்ததும் அகராதிக்கு ஓடாதீர்கள், கதை அறுந்துபோகும். சொல்லையும் பக்க எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவிட்டு மேலே படியுங்கள். அதே சொல் இன்னும் இரண்டு மூன்று இடங்களில் வரட்டும். என்ன வினையோடு வருகிறது என்று பாருங்கள். குலுக்கையில் கம்பு கொட்டுகிறார்கள், குலுக்கைக்கு மண் பூசுகிறார்கள். பாதி அர்த்தம் அங்கேயே கிடைத்துவிடும். உங்கள் ஊகத்தையும் சீட்டில் எழுதிவையுங்கள். ஊகம் தப்பானால்தான் சொல் மறக்காது.

அகராதியை வீட்டுக்கு வந்து திறக்கலாம். நான் முதலில் பார்ப்பது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி; எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்காகவே அதைப் பிடிக்கும். 2020இல் வந்த மூன்றாம் பதிப்பு இருந்தால் நல்லது. அதில் இல்லையென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி, இணையத்தில் இலவசமாகவே தேடலாம். கரிசல் கதைக்குக் கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியும், கொங்குக் கதைக்குப் பெருமாள்முருகன் தொகுத்ததும் இருக்கின்றன.

பேச்சில் திரிந்த சொல்லை அப்படியே தேடினால் சில நேரம் அகப்படாது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கம்மாய் கண்மாய் ஆகும், வெள்ளாமை வேளாண்மை ஆகும். ‘வெஞ்சனம்’ எனக்கு இரண்டு நாள் தண்ணி காட்டியது. வியஞ்சனம்தான், தொட்டுக்கொள்ளும் கறி.

உண்மையில் தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். யாழ்ப்பாணத்துக் கதையில் ‘அம்மா பேசினா’ என்று வந்தால் அம்மா திட்டினாள் என்று அர்த்தம். சும்மா பேசுவதற்கு அங்கே கதைப்பது என்பார்கள். நெல்லைக்காரர் ‘பைய வா’ என்றால் மெதுவாக வரச் சொல்கிறார், பையைக் கொண்டுவரச் சொல்லவில்லை. இதற்கெல்லாம் யாரும் அகராதியைத் திறப்பதில்லை. அதனால் எல்லாச் சொல்லும் தெரிந்திருந்தும் வாக்கியம் இடறினால், அந்தச் சொல்லும் சீட்டுக்குப் போகட்டும்.

அந்த ஊர்க்காரர் யாராவது அகப்பட்டால் விடாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் கோவில்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர் இருக்கிறார். குலுக்கை என்றதும் சோற்றுக் கையோடு காற்றில் வரைந்தே காட்டினார். “ஆள் உசரம் இருக்கும். அடியில ஒரு ஓட்டை, அதைத் துணி வச்சு அடைச்சிருப்போம். உருவுனா கம்பு பொலபொலன்னு கொட்டும். உங்க ஊர்ல குதிர்னு சொல்வீங்களே, அதான்.”

‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! குதிர் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாதுதான். இருந்தாலும் அந்த ‘உண்டியலை’ அடித்து, பக்கத்தில் பென்சிலால் ‘குதிர்’ என்று எழுதிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.