பெயில்அவுட் செய்தியைப் படிப்பது எப்படி?

மூழ்கும் கம்பெனியைக் காப்பாற்ற அரசு பணம் கொடுத்தது (இதுதான் பெயில்அவுட்) என்று படித்ததும் கொதிக்க வேண்டாம், அது கடனா, பங்குக்கு ஈடா, சும்மா கொடுத்ததா என்று முதலில் பாருங்கள். 2008 செப்டம்பரில் ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் கொடுத்தபோது, பதிலுக்குக் கிட்டத்தட்ட 80 சதவீதப் பங்கு அரசு கைக்கு வந்தது.

அப்புறம் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடுங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. 2009 மார்ச்சில், ஏஐஜியைக் கவிழ்த்த அதே பிரிவின் ஆட்களுக்குச் சுமார் 16.5 கோடி டாலர் போனஸ் என்றதும் நாடே கொந்தளித்தது, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அந்த மாதிரி போனஸ்மேல் 90 சதவீத வரி போட மசோதாவே நிறைவேற்றியது (செனட்டில் அது நகரவில்லை). மீட்புப் பணம் ஏஐஜியிடமிருந்து யார் யாருக்குப் போனது என்று அந்த மாதமே வெளியான பட்டியலில், கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கிக்கு மட்டும் சுமார் 1,290 கோடி டாலர் போயிருந்தது. என்னைக் கேட்டால் கோபம் இதன்மேல்தான் அதிகம் வந்திருக்க வேண்டும்.

போனஸ் ஒப்பந்தத்தின் தேதியையும் பாருங்கள். ஏஐஜியில் அது மீட்புக்கு முன்பே போட்டது, அதனால் நிறுத்துவது சட்டப்படி சிக்கலானது.

ஜெட் விமானக் கதைகளை ஓரமாக வையுங்கள். 2008 நவம்பரில் ஜிஎம், ஃபோர்டு, கிரைஸ்லர் கார் கம்பெனிகளின் தலைவர்கள் தனி விமானங்களில் வந்து உதவி கேட்டது திமிர்தான், கணக்கில் சில்லறை.

கடைசிக் கணக்குக்குச் சில வருடம் காத்திருங்கள்: ஏஐஜியில் அரசுக்குச் சுமார் 2,270 கோடி டாலர் லாபம், ஜிஎம்மில் 1,000 கோடிக்கு மேல் நஷ்டம்.