சர்க்கரை என்றால் எந்தச் சர்க்கரை? மருத்துவப் பதிவில் ஸ்னோமெட் குறியீட்டைப் பிழையில்லாமல் இடும் முறை

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார் தொழிலாளி ஒருவர் அவிநாசியில் ஒரு கிளினிக்கில் காட்டுகிறார். சில மாதம் கழித்து ஊருக்குப் போனவர் அங்கே வேறு டாக்டரிடம் போகிறார். நாம் 'சளி, இழுப்பு' என்று எழுதி வைத்தது அங்கே யாருக்கும் விளங்காது. 195967001 என்ற எண் பதிவில் இருந்தால் இரண்டு ஊரிலும் அது ஆஸ்துமாதான். ஸ்னோமெட் சி.டி. என்னும் மருத்துவச் சொற்தொகுதி இதற்காகத்தான் இருக்கிறது.

ஆனால் தவறாக இட்ட எண்ணும் அதே தூரம் போகும். கேஸ் ஷீட்டில் தவறாக எழுதியது அந்த ஆஸ்பத்திரி பீரோவோடு நின்றுவிடும். ஆபா என்னும் 14 இலக்க மருத்துவ அடையாள எண்ணோடு இணைத்த பதிவில் உள்ள தவறு, நோயாளி போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும். அதனால் கீழே வரும் எல்லா முறைக்கும் அடிப்படை ஒன்றுதான்: டாக்டர் சொன்னதற்கு மேலே ஒரு சொல் கூடக் குறியீடு சொல்லக் கூடாது.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. இந்தியா 2014 முதல், இந்தச் சொற்தொகுதியை நடத்தும் ஸ்னோமெட் இன்டர்நேஷனலில் உறுப்பு நாடு. அதனால் இங்கே இதைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. பதிவு செய்து உரிமம் மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். புனேயில், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கில் இயங்கும் தேசிய வள மையம் இதைக் கவனித்துக்கொள்கிறது. 2016-இல் திருத்தி வெளியிட்ட மத்திய அரசின் மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகளும் இதையே பரிந்துரைக்கின்றன.

எண்ணை முதலில் படிக்கப் பழகுங்கள்

44054006 என்பது டைப் 2 சர்க்கரை நோய். இதைப் பின்னாலிருந்து பாருங்கள். கடைசி 6 சரிபார்ப்பு இலக்கம். அதற்கு முன்னால் உள்ள 00, இது ஒரு கருத்துருவின், அதாவது நோய் போன்ற ஒரு தனி மருத்துவப் பொருளின், எண் என்று காட்டுகிறது. அந்த இடத்தில் 01 இருந்தால் அது கருத்துரு அல்ல. அதற்கு வைத்த பல பெயர்களில் ஒரு பெயரின் எண். மென்பொருள்காரர் இந்த இரண்டையும் மாற்றி ஒரே நெடுவரிசையில் சேமித்துவிட்டால், ஆறு மாதம் கழித்து எந்தக் கணக்கெடுப்பும் சரியாக வராது. நாடுகள் தனியாகச் சேர்க்கும் நீட்சிக் குறியீடுகளில் இதே இடத்தில் 10, 11 வரும். எண்ணும் 18 இலக்கம் வரை நீளும்.

சரிபார்ப்பு இலக்கம் வெர்ஹோஃப் முறையில் கணக்கிடப்படுகிறது. ஒரு இலக்கத்தைத் தவறாக அடித்தாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் அது பிடித்துவிடும். 44054006-ஐ 44045006 என்று அடித்தால் மென்பொருள் ஏற்கக் கூடாது. உங்கள் மென்பொருள் ஏற்கிறதா என்று இன்றைக்கே அடித்துப் பாருங்கள். ஏற்றால் விற்றவரிடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். ஆனால் நர்ஸோ டாக்டரோ எண்ணைக் கையால் அடிக்கும்படி வைப்பதே தவறு. பெயரைத் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும், எண் பின்னால் தானாக உட்கார வேண்டும்.

எக்ஸெல் இன்னொரு பொறி. அது 15 இலக்கம் வரைதான் எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16-ஆவது இலக்கம் முதல் வருபவற்றைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். பட்டியலை எக்ஸெலில் திறப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். திறந்த பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பி வராது. ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியிலும் 9007199254740991-க்கு மேல் துல்லியம் போய்விடும் என்பதால் குறியீட்டை எழுத்துச் சரமாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

தேர்வுப் பட்டியல் தயாரிப்பது

ஸ்னோமெட்டில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் கருத்துருக்கள் உண்டு. அத்தனையையும் ஓ.பி. டாக்டர் முன்னால் கொட்டினால், கூட்ட நேரத்தில் முதலில் வருவதைத் தட்டிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கோபியிலோ தாராபுரத்திலோ உள்ள ஒரு நடுத்தர ஆஸ்பத்திரிக்கு 200 முதல் 300 வரை தேர்ந்தெடுத்த பெயர்கள் போதும். கடந்த மூன்று மாத ஓ.பி. நோட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்து, திரும்பத் திரும்ப வரும் நோய்களை எண்ணி, மேலிருந்து இறங்கி வாருங்கள். ஒரு டாக்டர், ஒரு மூத்த நர்ஸ், பதிவறை ஊழியர் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் குறியீடு வைக்க வேண்டும். பட்டியலில் இல்லாததை முழுத் தொகுதியில் தேடும் வசதியும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத நோயெல்லாம் இருக்கும் நோயாக மாறிவிடும்.

குறியீடு வைக்கும்போது முழுப்பெயரின் முடிவில் வரும் வகைச்சொல்லைப் படியுங்கள். 'டிஸ்ஆர்டர்' (நோய்), 'ஃபைண்டிங்' (கண்டது) என்று முடிபவை நோயாளியின் பிரச்சினைப் பட்டியலுக்கு உரியவை. 'மார்ஃபாலஜிக் அப்நார்மாலிட்டி' (உடல் அமைப்பில் மாற்றம்) என்று முடியும் எலும்பு முறிவு, மற்ற கருத்துருக்களை விளக்க வைத்திருப்பது. அதை நோயாகப் போட்டால் எந்த எலும்பு என்ற தகவலே இருக்காது. 'சப்ஸ்டன்ஸ்' என்று முடியும் பென்சிலின் ஒரு பொருள். அது ஒவ்வாமை அல்ல.

சுருக்கெழுத்தைத் தேடல் சொல்லாக வைக்காதீர்கள். எம்.எஸ். என்றால் இதய வால்வு நோயான மைட்ரல் ஸ்டெனோசிஸும் உண்டு, நரம்பு நோயான மல்டிபிள் ஸ்க்லீரோசிஸும் உண்டு. ஆர்.டி.ஏ. சாலை விபத்தாகவும் இருக்கும், சிறுநீரகக் குழல் சார்ந்த நோயாகவும் இருக்கும். பி.ஐ.டி. என்று எலும்பு டாக்டர் எழுதுவது முதுகுத் தண்டுவட்டு விலகல்; மகப்பேறு டாக்டர் எழுதினால் இடுப்புக்குழி அழற்சி.

நம் ஊர்ச் சொற்கள்

பதிவு போடும் பிள்ளைகள் நோயாளி சொல்வதையே தேடுவார்கள். அதனால் தமிழ்ச் சொற்களைத் தேடல் சொற்களாகச் சேர்ப்பது நல்லதுதான், ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு குறியீடு என்று கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிடக் கூடாது. "ஏனுங்க, காலைல எந்திரிச்சா மயக்கமா வருதுங்க" என்று ஒரு பாட்டி சொன்னால் அதில் மூன்று வேறு விஷயங்கள் இருக்கலாம். நினைவு தப்பி விழுந்தாரா, சுற்றியதெல்லாம் சுழல்கிறதா, வெறும் கிறுகிறுப்பா? 'மயக்கம்' என்று அடித்தால் இந்த மூன்றும் பக்கத்தில் தமிழ் விளக்கத்தோடு வர வேண்டும். "நெனவு தப்புச்சுங்களா, இல்ல சுத்துதுங்களா?" என்று கேட்காமல் எதையும் தட்டக் கூடாது. முதியவர் நினைவு தப்பி விழுந்தது இதயத் துடிப்புக் கோளாறாலும் இருக்கலாம். அதைக் கிறுகிறுப்பு என்று போட்டுவிட்டால் அடுத்து பார்ப்பவர் ஈ.சி.ஜி. எடுக்கத் தோன்றாமல் போகலாம்.

அம்மையும் அப்படித்தான். 'அம்மை போட்டிருக்குங்க' என்பது சின்னம்மையா தட்டம்மையா என்று டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை குறியீடு வேண்டாம். அக்கி என்று மக்கள் சொல்வதெல்லாமும் ஹெர்ப்பிஸ் ஜோஸ்டர் அல்ல.

மேலே ஏறுங்கள், பக்கத்தில் தாவாதீர்கள்

ஸ்னோமெட் ஒரு கிளை மரம் போன்றது. டாக்டர் வெறும் 'சர்க்கரை' என்று எழுதியிருந்தால் 73211009, பொதுவான சர்க்கரை நோய். வயது ஐம்பதைத் தாண்டியவர்தானே என்று நாமே 44054006 போடக் கூடாது; டைப் 1-க்கு 46635009 போடவும் டாக்டர் அப்படி எழுதியிருக்க வேண்டும். சரியான பெயர் கிடைக்காதபோது ஒரு படி மேலே உள்ள பொதுப்பெயரை எடுத்துக்கொண்டு, மீதியைக் குறிப்பில் எழுதுங்கள்.

கொங்கு நாட்டில் இந்த விதி கடுமையாகத் தேவைப்படும் இடம் சாணிப்பவுடர் நஞ்சு. வாசல் தெளிக்க விற்ற அந்தப் பொடி பெரும்பாலும் செயற்கைச் சாயம்: மஞ்சளில் ஆராமின், பச்சையில் மாலகைட் கிரீன். ஆஸ்பத்திரிப் பட்டியலில் விஷம் என்று தேடினால் முதலில் வருவது பூச்சிமருந்துக்கான ஆர்கனோபாஸ்பேட் நஞ்சு. அவசரத்தில் அதைத் தட்டிவிடுகிறார்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஆர்கனோபாஸ்பேட்டுக்கு அட்ரோபின் தருவது போல இதற்குத் தர முடியாது. நோயாளியைக் கோவைக்கு அனுப்பினால் அங்கே ஐ.சி.யு.வில் திரையைப் பார்ப்பவர் அந்தக் குறியீட்டைத்தான் முதலில் நம்புவார். பொதுவான நஞ்சு என்ற குறியீட்டைப் போட்டு, 'சாணிப்பவுடர், மஞ்சள்' என்று சொல்லால் எழுதுங்கள். தவறிப் பட்டதா, வேண்டுமென்றே எடுத்ததா என்பது தனிக் கட்டம்; டாக்டர் கேட்டு எழுதினால் ஒழிய அதை நிரப்பாதீர்கள். பாம்புக்கடியும் இப்படியே: எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால் பாம்புக்கடி மட்டும்.

இல்லை, சந்தேகம், அப்பாவுக்கு

முகாமில் ஒரு தடவை பிரஷர் அதிகமாக இருந்தது என்பது 24184005, அதாவது இரத்த அழுத்தம் கூடியிருக்கக் கண்டது. 38341003 என்பது உயர் இரத்த அழுத்த நோய். முதலாவதற்குப் பதில் இரண்டாவதைப் போட்டால், பஸ் பிடிக்க ஓடி வந்த மனிதர் வாழ்நாள் நோயாளியாகிவிடுவார்.

ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் காய்ச்சல் என்று வருபவர்களுக்கெல்லாம் டெங்கு சோதனைக்கு எழுதுவார்கள். சோதனைச் சீட்டுக்காக 38362002-ஐத் தட்டிவிட்டால், முடிவு நெகட்டிவ் என்று வந்த பிறகும் அவர் பதிவில் டெங்கு நின்றுவிடும். நோய்க் குறியீட்டோடு 'உறுதி நிலை' என்ற கட்டமும் இருக்க வேண்டும்: தற்காலிகம், உறுதி, மறுக்கப்பட்டது. முடிவு வந்த அன்றே அதை மாற்றும் பொறுப்பை ஒருவர் பெயரில் கொடுங்கள். பொதுவாக விட்டால் யாரும் செய்வதில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை என்றால் 160303001, குடும்ப வரலாறு. அதை மகனின் நோய்ப் பட்டியலில் 73211009 என்று போட்டிருப்பதைத் தணிக்கையில் அடிக்கடி பார்க்கலாம். கண் முகாம்களில் வலது, இடதைத் தனிக் கட்டத்தில் வைத்திருந்தால், ஏற்கெனவே பக்கம் சொல்லும் குறியீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். குறியீடு வலது என்றும் கட்டம் இடது என்றும் இருக்கும் பதிவோடு ஒருவரை அறுவை அரங்குக்கு அனுப்பக் கூடாது.

ஒவ்வாமை

இங்கே தவறு உயிரோடு விளையாடும். பென்சிலின் ஒவ்வாமை 91936005. இதை நோய்ப் பட்டியலில் போட்டால் மருந்து எழுதும்போது எச்சரிக்கை வராது. ஒவ்வாமைக் கட்டத்தில்தான் போட வேண்டும். அங்கேயும் சிலர் '…ஒவ்வாமை' என்ற குறியீட்டையும் சிலர் மருந்தின் குறியீட்டையும் போட்டால் எச்சரிக்கை பாதிப் பேருக்குத்தான் வேலை செய்யும். ஆஸ்பத்திரி முழுக்க ஒரே முறையை வையுங்கள். பிறகு சோதனை நோயாளி ஒருவரைப் பதிந்து, பென்சிலின் ஒவ்வாமை போட்டு, பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் எழுதிப் பாருங்கள். சிவப்பு எச்சரிக்கை வரவில்லை என்றால் மென்பொருள் கிளைகளைப் பார்க்காமல் ஒரே எண்ணை மட்டும் ஒப்பிடுகிறது.

'அந்த மாத்திரை சேராதுங்க' என்றால் என்ன ஆனது என்று கேளுங்கள். வயிற்றுப்போக்கு பக்கவிளைவு, உடம்பு தடித்து மூச்சு முட்டியது ஒவ்வாமை. எந்த ஒவ்வாமையும் இல்லை என்று நோயாளி சொன்னால் 716186003 போடுங்கள். காலியாக விட்ட கட்டத்துக்கு 'யாரும் கேட்கவில்லை' என்பதுதான் பொருள்.

கணக்கெடுப்பும் பில்லும்

சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் என்று எடுக்க 73211009-ஐ மட்டும் தேடினால் டைப் 2 என்று போட்ட எல்லாரும் விடுபடுவார்கள். கீழ்க் கிளைகளோடு தேட வேண்டும். அப்படித் தேடினால் கர்ப்பகாலச் சர்க்கரையும் உள்ளே வரும். வேண்டாம் என்றால் கழியுங்கள். 4855003, சர்க்கரையால் வரும் விழித்திரை நோய், அந்தக் கிளையில் இல்லை. அது சர்க்கரையின் விளைவு என்றுதான் மரத்தில் வைத்திருக்கிறது. கண் மருத்துவரிடம் மட்டும் காட்டியவர்கள் கணக்கில் வராமல் போவது இதனால்தான்.

காப்பீட்டுக்கு ஐ.சி.டி.-10, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுக் குறியீடு, கேட்பார்கள். ஸ்னோமெட்டிலிருந்து அதற்கு மாற்றும் அட்டவணை உண்டு. வயது, பாலினம் பார்த்து மாறும் விதிகளும் அதில் உண்டு. அதனால் பதிவறை ஊழியர் ஒருமுறை பார்த்தே அனுப்ப வேண்டும். பில்லுக்கு ஏற்றபடி மருத்துவக் குறியீட்டை வளைக்காதீர்கள். நோயாளிக்குச் சொந்தமான பதிவு அது.

பதிப்பு மாறும்போதும், தவறு நடந்தபோதும்

சர்வதேசப் பதிப்பு 2022 முதல் மாதந்தோறும் வருகிறது. சிறிய ஆஸ்பத்திரி ஆண்டுக்கு இரண்டு முறை ஏற்றினால் போதும். முதலில் சோதனைப் பிரதியில் ஏற்றி, உங்கள் தேர்வுப் பட்டியலில் எவை செயலிழந்துவிட்டன என்று பாருங்கள். 'இதற்குப் பதில் இது' என்று ஒரே மாற்று கொடுத்திருந்தால் மாற்றலாம். 'இதுவோ அதுவோ ஆகலாம்' என்றிருந்தால் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய நோயாளிகளின் பதிவில் இருக்கும் எண்ணை மாற்றி எழுதாதீர்கள். அன்று டாக்டர் எழுதிய சொல், தேர்ந்தெடுத்த பெயர், எண், பதிப்புத் தேதி நான்கும் அப்படியே இருக்க வேண்டும்.

மாதம் 50 பதிவுகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, இருவர் தனித்தனியாக டாக்டரின் சொல்லையும் குறியீட்டையும் ஒப்பிடுங்கள். தவறு கிடைத்தால் அழிக்காதீர்கள். 'தவறாகப் பதிந்தது' என்ற நிலைக்கு மாற்றி, சரியானதைப் புதிதாகச் சேர்த்து, யார், எப்போது என்று எழுதுங்கள். அந்தப் பதிவு ஏற்கெனவே வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் திருத்தத்தையும் அனுப்பி, அங்கே போனிலும் சொல்லிவிடுங்கள். ஒவ்வாமைத் தவறாக இருந்தால் நோயாளியையும் கூப்பிட்டு, புதிய சீட்டைக் கையில் கொடுத்து, பழையதை வாங்கிக்கொள்ளுங்கள்.