ஸ்மூத் ஜாஸில் ஆட வைக்கும் ஃபங்க்: பேஸிலிருந்து தொடங்குங்கள்

ஸ்மூத் ஜாஸ் (மெட்டை முன்னிறுத்தும் மென்மையான ஜாஸ்) ஆல்பம் செய்பவர்கள் பலர் சாக்ஸபோன் மெட்டை முதலில் எழுதி முடித்துவிட்டு, பிறகு அதற்கு ஏற்ற தாளத்தைத் தேடுகிறார்கள். கேட்க இதமாக இருக்கும், கால் மட்டும் அசையாது; ஃபங்க் என்னும் ஆட வைக்கும் தாளம் அதில் இருக்காது. சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ‘வைன்லைட்’ (1980) ஆல்பத்தைக் கேளுங்கள். டிரம்ஸில் ஸ்டீவ் காட், பேஸ் கிட்டாரில் மார்கஸ் மில்லர், கிட்டாரில் எரிக் கேல். சாக்ஸ் எவ்வளவு மென்மையாகப் போனாலும் அடித்தளம் தளர்வதில்லை. ஆகவே முதலில் கீழ்த்தளத்தை இறுக்குங்கள், மென்மை பிறகு வரட்டும்.

வேகம் நிமிடத்துக்கு 96 முதல் 104 அடிகள். 90-க்குக் கீழே போனால் மெதுவான காதல் பாட்டாகிவிடும். 112-ஐத் தாண்டினால் சாக்ஸ் வாசிப்பவருக்கு மூச்சு வாங்க இடம் இருக்காது. 100 என்று வைத்துக்கொண்டால் ஓர் அடிக்கு 600 மில்லிவினாடி. அதைத் ‘தகதிமி’ என்று நான்காகப் பிரித்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் 150. வாசிப்பவர்கள் எல்லோர் மனதிலும் இந்தத் தகதிமி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான்கு அடி கொண்ட ஒரு பாரில், ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் டிரம்) 2, 4-ம் அடிகளில் விழட்டும். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 1-ம் அடியின் ‘த’, 2-ம் அடியின் ‘மி’, 3-ம் அடியின் ‘தி’ ஆகிய மூன்று இடங்களில் போதும். இடையில் ஸ்நேரில் மிக மெல்லிய கோஸ்ட் நோட்டுகள் இரண்டு மூன்று சேருங்கள். மிடியில் (கணினியில் ஸ்வரங்களைப் பதியும் முறை) எழுதுவதானால் முக்கிய அடிக்கு வெலாசிட்டி (அடியின் பலம்) 105–115, கோஸ்ட் நோட்டுக்கு 25–40. இந்த இடைவெளி குறைந்தால் ஸ்நேர் ஓயாமல் தட்டுவதுபோல் கேட்கும். ஹை-ஹேட்டுக்கு (ஜோடித் தாளத்தட்டு) 54–58 சதவீதம் ஸ்விங் (ஜோடியில் இரண்டாவது தட்டைச் சற்றுத் தள்ளிப்போடுவது) கொடுக்கலாம். கிட்டாருக்கும் அதே அளவுதான். ஒன்று ஸ்விங்கிலும் மற்றொன்று நேராகவும் போனால் தாளம் கலங்கிவிடும்.

இனி பேஸ். ஆட்டம் வருவதும் வராததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. எந்த ஸ்வரத்தை வாசிக்கிறோம் என்பதைவிட, அதை எங்கே நிறுத்துகிறோம் என்பது முக்கியம். 1-ம் அடியில் கிக்கோடு சேர்ந்து விழும் ஸ்வரத்தைத் ‘தகதி’ வரை பிடித்து, ‘மி’யில் அடக்கிவிடுங்கள். அந்த 150 மில்லிவினாடி மௌனத்துக்குப் பிறகு விழும் ஸ்நேர்தான் உடம்பை அசைக்கும். ஸ்வரம் ஸ்நேரின் மீதும் நீண்டால் அந்த அடி மழுங்கிவிடும். இடது கை விரலை ஃப்ரெட்டிலிருந்து லேசாகத் தளர்த்தினாலே ஒலி நின்றுவிடும், கம்பியிலிருந்து விரலை முழுக்க எடுக்க வேண்டாம். அப்படியும் நீண்டால் பிரிட்ஜ் அருகே கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகுங்கள். மிடியில் அந்த ஸ்வரத்தின் நீளத்தை முக்கால் அடியாகக் குறையுங்கள். கட்டைவிரலால் அடிக்கும் ஸ்லாப், இழுத்து விடும் பாப் எல்லாம் நான்கு பார்களுக்கு ஒருமுறை போதும்.

ஒரு சோதனை: மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பேஸையும் டிரம்ஸையும் மட்டும் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். தலை தானாக ஆடவில்லை என்றால் கீபோர்டு பக்கம் போகாதீர்கள். மேலே எதைச் சேர்த்தாலும் இந்தக் குறை தீராது.

கிட்டாரில் உயர்ந்த சுருதி கொண்ட மூன்று மெல்லிய கம்பிகள் போதும். வலது கை பாரின் பதினாறு மாத்திரைக்கும் (நான்கு தகதிமி) நிற்காமல் மேலும் கீழும் போக, இடது கை மூன்று நான்கு இடங்களில் மட்டும் அழுத்தட்டும். மற்றவை வெறும் உரசலாக இருக்க வேண்டும். ரோட்ஸ் என்னும் மின் பியானோவில் கார்டின் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டம்) மூல ஸ்வரத்தை விட்டுவிடுங்கள், அது பேஸின் வேலை. டி மைனர் 9 கார்டுக்கு எஃப், ஏ, சி, இ. அடுத்து வரும் ஜி 13-க்கு எஃப், ஏ, பி, இ. சி மட்டும் பி ஆகிறது, மற்ற மூன்று விரல்களும் அசைவதில்லை. ஸ்மூத் ஜாஸின் வழவழப்பு இந்தச் சிறு நகர்விலிருந்துதான் வருகிறது.

சாக்ஸ் இரண்டு பார்கள் பேசினால் அடுத்த இரண்டு பார்கள் சும்மா இருக்கலாம். தாளத்துக்கு 10–20 மில்லிவினாடி பின்தங்கி வாசித்தால் சாவகாசமாகக் கேட்கும். ஆனால் டிரம்ஸும் கூடவே பின்தங்கினால் பாட்டே இழுபடும்.

மிக்ஸிங்கில் அதிகம் நடக்கும் தவறு, எல்லாவற்றுக்கும் ஒரே ரிவெர்ப் (அறையின் எதிரொலி போன்ற ஒலி) போடுவது. சாக்ஸுக்கு 1.8 வினாடி அளவில் பிளேட் ரிவெர்ப், 40 மில்லிவினாடி ப்ரீ-டிலே (ரிவெர்ப் தொடங்கும் முன் வரும் இடைவெளி). பேஸுக்கும் கிக்குக்கும் ரிவெர்பே வேண்டாம். பேஸ் கம்ப்ரசரில் (உரத்த ஒலியை அடக்கும் கருவி) விகிதம் 4:1, அட்டாக் (அடக்க எடுக்கும் நேரம்) 30 மில்லிவினாடி. அட்டாக்கை 1 அல்லது 2-க்குக் குறைத்தால் விரல் கம்பியில் படும் ஒலியே போய்விடும், அத்தனை நேரம் செதுக்கிய தாளமும் அதோடு மங்கும். சொப்ரானோ சாக்ஸ் காதைக் குத்தினால் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபெல் குறையுங்கள்.

ஆல்பத்துக்குப் பாடல்களை அடுக்கும்போது, ஒரே வேகமும் ஒரே சுருதியும் கொண்ட இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். ‘வைன்லைட்’டில் இருப்பவை ஆறே பாடல்கள். உங்களிடம் பத்து இருந்தாலும், பேஸ்-டிரம்ஸ் சோதனையில் தேறியவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.